பத்தாவது நகல்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஒண்ணுபோதும்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று மூன்று பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவள் காதுக்கு அது போனபோது, "அதுக்கும் ஒரு ஆள் போதுமே" என்றாள். ஒரே விஷயத்தைச் சொல்ல இரண்டு கடிதம் வந்தால் இரண்டாவதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவாள். கூட்டத்துக்கு ஒரு பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால், "உங்க ரெண்டு பேர்ல யார் பேசப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பேசாதவரை எழுந்துபோகச் சொல்வாள். அவர் சந்தோஷமாகவே போவார்.

இப்பேர்ப்பட்டவளின் வீட்டில் ஏழு குடை இருந்தது. மூக்குக்கண்ணாடி அறைக்கு ஒன்று. கத்தரிக்கோல் எத்தனை என்று அவளுக்கே கணக்கில்லை. தேடும்போது மட்டும் ஒன்றும் கிடைக்காது. பூகோள ஆசிரியரான அவள் கணவர் வீட்டில் எதையும் அதனதன் இடத்தில் வைப்பவர். அவளுடைய அலுவலகப் பெயர் தெரிந்த அன்று அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அவள் வேலை பார்த்தது ஆம்புலன்ஸ் அனுப்பும் அலுவலகத்தில். வண்டிகள் கீழே, கொட்டகையில். தொலைபேசி எடுப்பவர்கள் முதல் மாடியில். இரண்டாவது மாடியில் கணினிப் பிரிவு. யாராவது அழைத்து இன்ன தெருவில் இன்னாருக்கு மூச்சு விடமுடியவில்லை என்றால், எந்த வண்டி போவது, எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி, எந்த வாசல் என்பதையெல்லாம் கணினி தீர்மானித்து, ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் காட்டும். கணினி அப்படித் தீர்மானிப்பதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்த நிரலைக் காப்பாற்றுவது அவள் வேலை. மொத்தம் நாலாயிரம் வரி. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தது முப்பத்தாறாயிரம்.

இந்தப் பெருக்கத்தின் வரலாறு சுருக்கமானது. ஆரம்பத்தில் ஒரே மண்டலம். அதற்கு ஒரு நல்லவர் நாலாயிரம் வரி எழுதிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாவது மண்டலம் திறந்தபோது அந்த நாலாயிரத்தையும் அப்படியே நகலெடுத்து, மண்டலத்தின் பெயரை மட்டும் மாற்றினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாவதுக்கு இரண்டாவதிலிருந்து நகல். நாலாவதுக்கு எது கைக்கு அகப்பட்டதோ அதிலிருந்து. நகலின் தலையில் எடுத்தவர் தன் பெயரைப் போட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பெருமைக்காகப் போட்டதுபோல் இருக்கும். உண்மையில் ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. பெயருக்குக் கீழே தவறாமல் இன்னொரு வரி: 'ஓடுகிறது. தொடாதே.'

ஆக, ஒன்பது மண்டலத்துக்கு ஒன்பது நகல். ஒன்றில் திருத்தினால் ஒன்பதிலும் திருத்த வேண்டும். யார் திருத்துவது என்றால், அன்றைக்கு யார் கை சும்மா இருந்ததோ அவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கை அவளுடையதாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி தன் அவசர சிகிச்சைப் பிரிவைக் கிழக்கு வாசலிலிருந்து பின்பக்கச் சந்துக்கு மாற்றியது. கிழக்கு வாசலைப் பூட்டிவிட்டார்கள். அவள் நிரல்கள் இருக்கும் அடுக்கைத் திறந்து, ஒவ்வொன்றிலும் வாசலை மாற்றி, கடைசி ஒன்றையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அடுக்கில் இருந்தது எட்டு. ஒன்பதாவது மண்டலத்தை அவசரமாகத் திறந்தவர்கள் அதன் நகலைத் 'தற்காலிகம்' என்ற வேறொரு அடுக்கில் போட்டிருந்தார்கள். தற்காலிகம் ஆரம்பித்து அப்போது ஐந்து வருடம் முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் ஒன்பதாவது மண்டல வண்டி ஒன்று, நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, திரை சொன்னபடியே கிழக்கு வாசலுக்குப் போனது. பூட்டு. ஓட்டுநர் ஒலியெழுப்பினார், இறங்கிக் கதவைத் தட்டினார், பின்னால் வந்து நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லித் திருப்பிக்கொண்டு சந்துக்குப் போய்ச் சேரப் பதினோரு நிமிடம் ஆனது. நோயாளி பிழைத்தார், ஆனால் பாதி ஆளாக. விசாரணை நடந்தது. 'ஓட்டுநர் தன் சொந்த அறிவைப் பயன்படுத்தத் தவறினார்' என்று அறிக்கை எழுதி, அவரைப் பிண வண்டிக்கு மாற்றினார்கள். அந்த வண்டியில் தாமதத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அறிக்கை வந்த அன்றே அவள் ஒரு கடிதம் எழுதினாள். தப்பு ஓட்டுநருடையது இல்லை. எட்டில் திருத்திவிட்டு ஒன்பதாவதை விட்டது நான். எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மேலாளர் அதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "முடிஞ்சுபோன விஷயம்மா" என்று மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் போட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். வாயடைத்துப் போனாள் என்று சொல்ல முடியாது. மூடிக்கொண்டாள் என்பதுதான் சரி. அது அவளுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் பத்தாவது மண்டலம் வந்தது.

"அடுத்த திங்கள் திறப்பு," என்றார் மேலாளர், திங்கட்கிழமை காலையில். "பெரியவங்க எல்லாம் வர்றாங்க. பழசு ஒண்ணை எடுத்து, பேரை மாத்தி, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. உங்களுக்கு இது கண்ணை மூடிட்டுப் பண்ற வேலை."

"கண்ணை மூடிட்டுப் பண்ணினதுதான் சார் பிரச்சினையே."

"என்ன சொல்றீங்க?"

"பத்தாவது நகல் நான் எடுக்க மாட்டேன்."

"எடுக்க மாட்டேன்னா?"

"மாட்டேன்னா மாட்டேன்தான் சார். வேற அர்த்தம் இருக்கிற மாதிரி தெரியலை. ஒன்பதையும் ஒண்ணாக்கித் தர்றேன். எந்த மண்டலத்துல எது வித்தியாசமோ அதை மட்டும் தனியா ஒரு பட்டியல்ல வெச்சிடலாம். பத்தாவது மண்டலத்துக்கு அந்தப் பட்டியல்ல நாலு வரி சேர்த்தா ஆச்சு. பதினொண்ணாவது வந்தாலும் நாலு வரிதான்."

மேலாளர் கெட்டவர் இல்லை. ஓடுவதை நிறுத்தக் கூடாது என்பதில் ஒரு பக்தி உள்ளவர், அவ்வளவே. "சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்கம்மா" என்றார்.

"அது சும்மா கிடக்கலையே சார். ஒன்பது சங்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சுருதியில ஊதிட்டிருக்கு. பத்தாவதையும் வாங்கி வாயில வெச்சுக்கச் சொல்றீங்க."

அவர் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பத்தாவது மண்டலத்துக்கான வேலை என் மேஜைக்கு வரணும். வரலைன்னா திங்கள்லேர்ந்து நீங்க பதிவேட்டு அறைக்குப் போகலாம்."

பதிவேட்டு அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அங்கே எல்லாத் தாளும் மூன்று பிரதி இருக்கும். மேலாளருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பிய அரை மணி நேரத்தில் தாடி வந்து நின்றான். நாற்பது வயது, இரண்டு குழந்தைகளின் அப்பன். அறைக்குள் அவனுக்கு முன்னால் அவன் தாடி வரும். ஒன்பது நகலில் நாலு அவன் எடுத்தது.

"அக்கா, சார் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நீங்க பண்ணலைன்னா வெள்ளிக்கிழமை நான் பண்ணணுமாம். ஒரு மணி நேர வேலைக்கு ஏங்க்கா இந்த வம்பு?"

"பண்ணேன். எதைப் பார்த்து எடுப்ப?"

"ஏதாவது ஒண்ணு. எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா எதுக்குடா ஒன்பது?"

தாடி யோசித்தான். "சரி, வேற வேறதான்."

"வேற வேறன்னா அதுல எது சரி?"

அவன் தாடியைத் தடவினான். அதற்குத்தான் அது இருந்தது. அவள் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "உட்காரு. வெள்ளி வரைக்கும் உனக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை போகப்போகுது. படிப்போம்."

கணினிக்கு வருமுன் அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். அங்கே பிழை திருத்துவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் அச்சான தாளில் விரல் வைத்து, சரியாக இருந்தால் 'இருக்கு', இல்லாவிட்டால் 'நில்லு' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவள் இரண்டு ஆள் கேட்பாள். இரண்டு நிரல்களை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டக் கணினியிலேயே கருவி இருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தாள். ஒரு நகலில் 'வண்டி' என்று இருப்பது இன்னொன்றில் 'ஊர்தி', வேறொன்றில் 'வாகனம்'. எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ரசனைக்கு ஏற்பப் பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். கருவி எழுத்தைப் பார்க்குமே தவிரப் பொருளைப் பார்க்காது. திரை முழுக்கச் சிவப்பாக்கிக் கையை விரித்துவிட்டது. காதுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சின்னக் கூட்ட அறையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். மின்விசிறி மூன்றில் வைத்தால் தாள் பறக்கும், இரண்டில் வைத்தால் சுற்றாது.

"வண்டி காலியா இருந்தா," என்று அவள் படித்தாள்.

"இருக்கு."

"அழைச்ச இடத்துக்கும் வண்டிக்கும் தூரம் பாரு."

"இருக்கு."

"ஓட்டுநர் மூணு நிமிஷத்துல பதில் சொல்லலைன்னா அடுத்த வண்டியைக் கூப்பிடு."

"நில்லுங்க. இங்க ஒரு நிமிஷம்."

"எந்த மண்டலம்?"

"நாலு."

"யார் எடுத்தது?"

தாடி தாளின் தலையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "நான்தான்."

"ஏன் ஒரு நிமிஷம்?"

"தெரியலைக்கா. கை தவறியிருக்கும்."

"உன் கை தவறினதுல அந்த மண்டலத்து ஓட்டுநருங்க பத்து வருஷமா நிம்மதியா ஒண்ணுக்குக்கூடப் போகலைடா."

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் சேர ஆரம்பித்தது. "என்ன, ரெண்டு பேரும் பரீட்சைக்கு ஒப்பிக்கிறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். தாடி முதலில் கூசினான். பிறகு குரலை உயர்த்தினான். ஆறாவது நகலின் நடுவில் அவன் குரல் நின்றுபோனது.

"என்னடா?"

"இங்க நானே ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கேன்க்கா. 'இந்த நூறு வரி எதுக்குன்னு தெரியலை. எடுத்துட்டா பயமா இருக்கு.'"

"அந்த நூறு வரியை வேற எந்த வரியாவது கூப்பிட்டுப் பயன்படுத்துதா?"

தேடிப் பார்த்தான். எதுவும் கூப்பிடவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மூடிவிட்ட ஓர் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லும் வரிகள் அவை. கூப்பிட ஆளில்லாமல், ஆனால் ஆறு நகலிலும் பத்திரமாக இருந்தன. தாடி முதல் தடவையாகத் தன் கையாலேயே அவற்றை அழித்தான். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை" என்றான், ஏதோ ஆகும் என்று எதிர்பார்த்தவன்போல.

எழுத்தில் ஆயிரம் வித்தியாசம் காட்டிய ஒன்பது நகலில், பொருளில் நாற்பத்தொரு வித்தியாசம்தான் இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மண்டல அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணம் கேட்டாள். ஏழுக்கு நல்ல காரணம் இருந்தது: ஒரு மண்டலத்தில் மலைப்பாதை, பெரிய வண்டி ஏறாது, இன்னொன்றில் மழைக்காலத்தில் ஒரு தரைப்பாலம் முழுகிவிடும். மற்ற முப்பத்துநாலுக்கு எவரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள்தான் அதிக நேரம் பேசினார்கள்.

"அது எங்க மண்டலத்தோட தனித்தன்மைம்மா," என்றார் ஐந்தாவது மண்டல அதிகாரி. "அதைப் போய் எடுத்துடாதீங்க."

"என்ன சார் தனித்தன்மை? ஞாயித்துக்கிழமை காலையில உங்க மண்டலத்துல யாருக்கும் மாரடைப்பு வராதா?"

"யார் சொன்னா வராதுன்னு?"

"உங்க நிரல் சொல்லுது சார். ஞாயிறு பத்து மணி வரைக்கும் ஒரே ஒரு வண்டியைத்தான் அனுப்பும்."

"எடுத்துடுங்க," என்றார்.

புதன்கிழமை மதியம் ஒரு ரயில்வே கேட் அகப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மேம்பாலம் கட்டுவதற்காக ஒரு வருடமாக மூடிக்கிடக்கும் கேட். முதல் ஐந்து நகலில் அதை விலக்கிவிட்டு வேறு வழி போட்டிருந்தார்கள். எட்டிலும் ஒன்பதிலும் போட்டிருந்தார்கள். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் யாரோ டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். ஆறாவது, ஏழாவது மண்டல வண்டிகளுக்குக் கணினி இன்னும் அந்த மூடிய கேட் வழியாகத்தான் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாவது மண்டலக் கொட்டகைக்குப் பேசினாள்.

"அந்தப் பக்கம் எவன்மா போறான்?" என்றார் தொலைபேசியை எடுத்த ஓட்டுநர். "மெஷின் அது பாட்டுக்குச் சொல்லும், நாங்க எங்க பாட்டுக்கு வேற வழியில போவோம். வழி மாறிப் போனதுக்கு மெமோ வரும். வாங்கி வெச்சுக்குவோம். பேரப்புள்ளைங்க கப்பல் பண்ணட்டும்."

எத்தனை மெமோ என்று பார்த்தாள். இரண்டு மண்டலத்துக்கும் சேர்த்து அறுபத்துமூன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'கணினி காட்டிய வழியை மீறித் தன் சொந்த அறிவைப் பயன்படுத்தினார்.' கீழே மேலாளரின் கையெழுத்து. சொந்த அறிவைப் பயன்படுத்தாதவர் பிண வண்டியில் இருந்தார். பயன்படுத்தியவர்கள் மெமோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த அலுவலகத்தில் அறிவை வைத்துக்கொண்டு ஒருவன் என்னதான் செய்வது என்பதற்கு விதிமுறைப் புத்தகத்தில் இடமில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கணவர் கேட்டார்: "நிஜமாவே மாத்திடுவாங்களா?"

"மாத்தினா மாத்தட்டும். படிக்கட்டுக்கு அடியில உட்கார்ந்தாலும் பத்தாவது எடுக்க மாட்டேன்."

"இவ்வளவு வைராக்கியம் இருக்கிறவ, நம்ம வீட்டுல ஒரு குடையைத் தூக்கிப் போடறியா?"

"குடை தப்பான வாசலுக்குக் கூட்டிட்டுப் போகாது," என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பதினோரு நிமிடமும் கடிதமும் அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை ஒன்பது ஒன்றானது. மூவாயிரத்து எழுநூறு வரி, கூடவே ஒரு பட்டியல். பிறகு போன மாதம் வந்த ஆறாயிரத்துச் சொச்சம் அழைப்புகளையும் பழையதிலும் புதியதிலும் ஓடவிட்டு, இரண்டும் ஒரே பதில் சொல்கின்றனவா என்று பார்த்தார்கள். இருபத்துமூன்று இடத்தில் பதில் வேறாக இருந்தது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்ததில், இருபத்திரண்டில் பழையது தப்பு. ஒன்றில் புதியது தப்பு. மழைக்காலத் தரைப்பாலத்தின் மாதத்தை அவள் மாற்றிப் போட்டிருந்தாள்.

"போச்சு!" என்றான் தாடி.

"என்ன போச்சு? ஒரு இடத்துல திருத்தினா ஆச்சு." திருத்தினாள். அதற்கு எடுத்த நேரத்தில் ஒரு தும்மல் போடலாம்.

நிரலின் தலையில் தன் பெயரைப் போட்டாள். தாடி எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் பெயரையும் அடித்தான். 'ஓடுகிறது. தொடாதே' என்ற வரியை மட்டும் இரண்டு பேரும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலாளர் அறையில் நின்றாள். தாடி கதவோரம்.

"பத்தாவது எங்கம்மா?"

"பத்தாவது மண்டலம் தயாரா இருக்கு சார். பத்தாவது நகல்தான் இல்லை."

"அப்போ அந்த ஒன்பது?"

"அதுவும் இல்லை. ஒண்ணுதான் இருக்கு."

மேலாளர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். "ஓடிட்டிருந்ததையா எடுத்துட்டீங்க?"

"இன்னும் மாத்தலை. நீங்க சொன்னா மாத்துவேன். பழசு பத்திரமா இருக்கு. அதுவே வேணும்னாலும் சரி. ஆனா அதோட சேர்த்து இதையும் வாங்கிக்கணும்." இருபத்திரண்டு வரியுள்ள ஒரு தாளை மேஜையில் வைத்தாள். "பழசு இந்த இருபத்திரண்டு பேருக்குத் தப்பா வழி சொல்லியிருக்கு, போன ஒரு மாசத்துல. இது தெரிஞ்சும் பழசையே ஓட்டச் சொல்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே பதிவேட்டு அறைக்குப் போறேன். மூணு பிரதியா எடுத்து வெச்சுக்கறேன்."

மேலாளர் தாளைப் படித்தார். ரயில்வே கேட் வந்த இடத்தில் கண் நின்றது. அறுபத்துமூன்று கையெழுத்து அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எல்லாம் ஒரே இடத்துல இருந்து, அதுல ஒரு தப்பு வந்தா?" என்றார், குரலைத் தணித்து.

"பத்து மண்டலமும் சேர்ந்து கத்தும் சார். அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஒன்பதுல ஒண்ணுல தப்பு வந்தா ஒரு ஓட்டுநர் மட்டும்தான் கத்துவார். அவரைப் பிண வண்டிக்கு மாத்திடலாம்."

அவர் தாளைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"மாத்துங்க," என்றார் மேலாளர். "உங்களை நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குங்க சார். அதோட இன்னொண்ணையும் பாருங்க. அந்த மூணாவது இழுப்பறையில ரெண்டு வருஷமா என் கடிதம் ஒண்ணு இருக்கு. அதை மேல அனுப்பணும்."

"எந்தக் கடிதம்?" இழுப்பறையைத் திறக்காமலே கைவிரித்தார். "அதெல்லாம் இப்ப எங்க கிடக்கோ. இல்லைம்மா."

அவள் தன் பையைத் திறந்து, மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு தாளை எடுத்தாள். இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமல் குப்பையில் போடுகிறவள், வாழ்க்கையில் எடுத்த ஒரே நகல், அதுவும் கையால் எழுதி எடுத்தது. அதை மேலாளர் பக்கம் நீட்டினாள்; அவர் கை நீட்டவில்லை என்றதும் திருப்பி மடித்தாள்.

"சரி, இதுக்கு வேற வழி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்களா என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இல்லை. மாற்றினால் அந்த இருபத்திரண்டு வரித் தாளும் கூடவே எங்கெங்கேயோ மாற்றலாகிப் போகும் என்று மேலாளருக்குத் தெரியும். திங்கட்கிழமை திறப்பு விழாவில், நிர்வாகம் எடுத்த எளிமைப்படுத்தும் முயற்சி பற்றி அவர் பதினைந்து நிமிடம் பேசினார். அதில் பாதி ஏற்கெனவே சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் படியிறங்கி வந்தபோது, கொட்டகையில் பிண வண்டி ஓட்டுநர் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அங்கே எல்லோரும் 'பதினோரு நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாராவாரம் அவர் முகத்தைப் பார்த்தும் அவள் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. நேரே ஓட்டுநர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், மெமோ ஒட்டும் பலகையில், மெமோக்களுக்கு மேலேயே தன் கடிதத்தை ஒட்டினாள். ஓட்டுநர்கள் சுற்றி நின்றார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உதடு அசையப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இது ரெண்டு வருஷம் முந்தின தேதிம்மா."

"ஆமா."

"அப்பவே ஒட்டியிருக்கலாமே."

"ஒட்டியிருக்கணும்," என்றாள். சாக்குச் சொல்ல ஒன்றிரண்டு இருந்தது, சொல்லவில்லை.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவருக்குப் பழைய வண்டியின் சாவி திரும்பக் கிடைக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் பிரித்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என் மாமனார்கிட்டக் காட்டணும். அந்த மனுஷனும் என்னைப் பதினோரு நிமிஷம்னுதான் கூப்பிடறாரு."

"அதை நீங்க வெச்சுக்குங்க. ஒரு நிமிஷம் மட்டும் குடுங்க, மேல போய் எடுத்துட்டு வந்துடறேன்."

நகலெடுக்கும் இயந்திரம் முதல் மாடி மூலையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் பதினாறு வருடமாக அங்கே இருக்கிறாள். ஒண்ணுபோதும் அந்தப் பக்கம் வந்து அவள் பார்த்ததே இல்லை.

"அட, அதிசயமா இருக்கே! நீங்களா அக்கா? குடுங்க. உங்களுக்கு ஒண்ணு போதும்ல?"

"போதாது. பத்து."

"பத்தா?"

"மண்டலத்துக்கு ஒண்ணு. ஒவ்வொரு கொட்டகையிலயும் ஒட்டணும்."

அந்தப் பெண் தாளை வைத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். "ஒன்பதுதானேக்கா வருது? பத்தாவது இன்னும் திறக்கவே இல்லையே?"

"சுவர் கட்டிட்டாங்கல்ல?" என்றாள். "போடு."